கேஸ் என்று நினைத்த நெஞ்சுவலி: உங்கள் வீட்டில் நடந்ததுண்டா?

மாம்பலத்தான்:
போன மார்கழி. அப்பா தினமும் நடேசன் பூங்காவில் ஆறு சுற்று நடப்பவர், சிகரெட் கிடையாது. அன்று திரும்பி வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே "கேஸ்டா, ராத்திரி பரோட்டா" என்றார். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள், நான் இஞ்சி சோடாவுக்கு ஓடினேன், ஒன்றரை மணி நேரம் இப்படியே போய்விட்டது. சட்டை மாற்றும்போதுதான் பார்த்தேன், ஃபேன்கூடப் போடாத குளிரில் பனியன் பிழியலாம் போல நனைந்திருந்தது. ஈசிஜியில் அட்டாக். ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது பரவாயில்லை. ஆனால் இதயத் தசையில் போனது போனதுதான் என்றார் டாக்டர்.

பெரம்பூர்க்காரர்:
இதைப் படித்துவிட்டு, நடந்தும் அட்டாக் வந்ததே என்று யாரும் நடையை விட்டுவிடாதீர்கள். நடை கட்டாயம் வேண்டும், அது மட்டும் போதாது, அவ்வளவுதான். எனக்கு 41 வயதில் ஆபீஸ் முகாமில் பிபி 160/100. தலைவலிகூட இல்லையே என்று மாத்திரையை இரண்டே மாதத்தில் நானாகவே நிறுத்தினேன். அப்புறம் ஒருநாள் மனைவி மளிகைச் சீட்டை எடுத்துவந்து காட்டினாள்: நாங்கள் மூன்று பேர், மாதம் ஒரு கிலோ உப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் தலைக்கு 11 கிராம்! ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. மறுநாளே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன்.

வேளச்சேரி அக்கா:
உப்பு சரி, ஆனால் தம்பி கேட்டது வலியைப் பற்றி. என் மாமனாருக்கு வலியே இல்லை, மூச்சு வாங்கியது, சோர்ந்து படுத்தார், சர்க்கரைக்காரர். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலும் அட்டாக் வரும். நெஞ்சு அழுத்தம், இடது கை, தாடை, முதுகு என்று வலி பரவுவது, காரணமில்லாத வியர்வை, இதில் எது வந்தாலும் சோடா வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மாடிப்படி இறங்க விடாதீர்கள், பைக்கில் ஏற்றவே ஏற்றாதீர்கள், வழியில் மயங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள், விட்டு ஒரு வருடத்தில் இதய நோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

மாம்பலத்தான்:
அக்கா, அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. அன்று பைக்கில்தான் கூட்டிப்போனேன். துரைசாமி சுரங்கப்பாதை தாண்டும்வரை, என் தோளைப் பிடித்திருந்த அவர் கை வழுக்கிக்கொண்டே இருந்தது.