ஒரே பெயரில் இரண்டு படம், பாட்டெல்லாம் ஒரே ஆல்பத்தில் கலந்துவிடுகிறது. எப்படிப் பிரிப்பது?

கேசட்பிரியன்:
வணக்கம். அப்பா சேர்த்து வைத்த சிடி, எம்பி3 எல்லாவற்றையும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, வீட்டுக்குள் மியூசிக் சர்வராக ஓடவிட்டிருக்கிறேன். போனிலும் டிவியிலும் அருமையாகப் பாடுகிறது. தகராறு ஒரே பெயருள்ள படங்களில்தான்.

'நினைத்தாலே இனிக்கும்' என்று தேடினால் ஒரே ஒரு ஆல்பம் வருகிறது. ட்ராக் 1 இரண்டு, ட்ராக் 2 இரண்டு என்று ஜோடி ஜோடியாக நிற்கிறது. 'சம்போ சிவ சம்போ' ஓடி முடிந்ததும் 'அழகாய் பூக்குதே' வந்து நிற்கிறது. 1979-ம் 2009-ம் ஒரே அட்டைப்படத்துக்குக் கீழே. 'பில்லா' இன்னும் மோசம். இரண்டு படத்திலும் 'மை நேம் இஸ் பில்லா' இருப்பதால் எஸ்.பி.பி. பாடியது எது, ரீமிக்ஸ் எது என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 'பொல்லாதவன்', 'விக்ரம்' கதையும் இதுதான்.

ஃபோல்டர்களைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறேன். ஆங்கிலப் பக்கத்தில் 'நிர்வானா' என்ற குழுவின் பக்கத்திலும் 1967 ஆல்பம் ஒன்று 1991-ன் 'நெவர்மைண்டு'க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

மெட்டுப்பெட்டி:
ஃபோல்டர் எப்படி இருக்கிறது என்பதைப் பெரும்பாலான மியூசிக் சர்வர்கள் கண்டுகொள்வதே இல்லை. கோப்புக்குள் எழுதியிருக்கும் பாட்டு, ஆல்பம், ஆர்ட்டிஸ்ட் விவரங்கள், அதாவது டேக்தான் கணக்கு. ஒரு பாட்டை, டேக்கைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் திறந்து 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேசட்பிரியன்:
எல்லாப் படத்துக்கும் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்றுதான் இருக்கிறது. வருடம் பல கோப்புகளில் காலி.

மெட்டுப்பெட்டி:
அப்போது சர்வர் மேல் குற்றமில்லை. ஆல்பம் பெயர் ஒன்று, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் ஒன்று, வருடம் இல்லை. அதன் பார்வையில் இரண்டும் ஒரே ஆல்பம்.

சினிமாப் பாட்டுக்கு நம் ஊரில் நன்றாகப் பொருந்தும் வழி, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளரைப் போடுவது. பாடகர்கள் 'ஆர்ட்டிஸ்ட்'டில் இருக்கட்டும். 1980 'பில்லா'வுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன், 2007-க்கு யுவன் சங்கர் ராஜா. 'நினைத்தாலே இனிக்கும்' முதலாவதுக்கு எம்.எஸ்.வி., அடுத்ததுக்கு விஜய் ஆண்டனி. 'விக்ரம்' 1986-க்கு இளையராஜா, 2022-க்கு அனிருத். உடனே பிரிந்துவிடும்.

ஒரு பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் போடுங்கள். 'எம்.எஸ்.வி.' என்று ஓரிடம், 'எம்.எஸ்.விஸ்வநாதன்' என்று ஓரிடம் இருந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அது இதைவிடப் பெரிய தலைவலி.

பி_சைடு:
இசையமைப்பாளரை மட்டும் நம்பினால் 'தில்லு முல்லு'வில் மாட்டிக்கொள்வீர்கள். 1981 படத்துக்கு எம்.எஸ்.வி. 2013-ல் எடுத்ததற்கு யுவனோடு சேர்ந்து அவரேதான் இசை. யுவன் பெயரை விட்டுவிட்டால் பழையபடி கலந்துவிடும். நான் ஆல்பம் பெயரிலேயே வருடத்தைச் சேர்த்துவிடுவேன்: 'தில்லு முல்லு (1981)'. பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான், ஆனால் எந்த ஆப்பிலும் வேலை செய்யும்.

வருடம் போடும்போது கவனம். பழைய படப் பாட்டுகளில் சிடி மறுபடி வந்த வருடத்தைப் போட்டிருப்பார்கள். 1980 படத்துப் பாட்டு 2000-க்குப் பிந்தைய வருடத்தோடு நிற்கும். படம் வந்த வருடத்தைப் பார்த்துப் போடுங்கள்.

தாளக்கட்டு:
இதெல்லாம் ஆல்பம் வரைக்கும்தான். பாட்டின் பெயரைப் படத்துக்கு வைத்திருக்கிறார்களே, அதற்கு டேக்கில் மருந்து இல்லை. 'எங்கேயும் எப்போதும்' என்று தேடிப் பாருங்கள். 1979 'நினைத்தாலே இனிக்கும்' பாட்டு வரும், 2007 'பொல்லாதவன்' ரீமிக்ஸ் வரும், கூடவே 2011-ல் அதே பெயரில் வந்த படத்தின் ஆல்பமும் வரும். 'நீதானே எந்தன் பொன்வசந்தம்' 1982-ல் 'நினைவெல்லாம் நித்யா'வில் பாட்டு, 2012-ல் 'நீதானே என் பொன்வசந்தம்' என்று படம். இரண்டுக்கும் இளையராஜாதான். 'பச்சைக்கிளி முத்துச்சரம்' எம்.ஜி.ஆர். பாட்டு, அப்புறம் 2007-ல் படம். தேடலில் 'பாட்டு', 'ஆல்பம்' என்று தனி டேப் இருக்கும் ஆப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோவும் வைத்திருக்கிறீர்களா? 'ராஜா ராணி' 1956-ல் சிவாஜி படம், 2013-ல் இன்னொரு படம், விஜய் டிவியில் சீரியலும் உண்டு. படத்தின் ஃபோல்டருக்கு 'ராஜா ராணி (2013)' என்று பெயர் வைத்து, சீரியலை வேறு லைப்ரரியில் போடுங்கள். வீடியோவில் மட்டும் ஃபோல்டர் பெயர் பேசும்.

மெட்டுப்பெட்டி:
'நிர்வானா'வை மறந்துவிட்டோம். அது உண்மையிலேயே இரண்டு குழு. முதலாவது அறுபதுகளில் லண்டனில் இருந்தது, உங்கள் 1967 ஆல்பம் அவர்களுடையது. இரண்டாவது, 'நெவர்மைண்டு' போட்ட கர்ட் கோபேன் குழு. பெயருக்காக முதல் குழு வழக்குப் போட்டு, கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே பெயர் நிலைத்துவிட்டது, அவதி உங்களுக்கு.

மியூசிக்பிரைன்ஸ் என்ற இசைத் தகவல் தளத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் தனி அடையாள எண் உண்டு. பிக்கார்ட் மென்பொருள் அந்த எண்ணை டேக்கில் எழுதிவிடும். உங்கள் சர்வர் அதைப் படிக்குமென்றால் தானே பிரிந்துவிடும். படிக்காவிட்டால் 'நிர்வானா (லண்டன்)' என்று கையால் எழுதுங்கள். ஊர்ப் பெயர் வைத்த குழுக்களையும் பாருங்கள். 'சிகாகோ' என்று ராக் குழு இருக்கிறது, 2002-ல் வந்த சினிமாவும் இருக்கிறது.

பிக்கார்டில் மொத்தச் சேகரிப்பையும் போட்டு 'ஸ்கேன்' மட்டும் அழுத்திவிடாதீர்கள். பழைய தமிழ்ப் பாட்டுகளை ஏதோ ஒரு 'ஹிட்ஸ்' தொகுப்புக்குள் தள்ளிவிடும். ஒவ்வொரு ஆல்பமாகப் போடுங்கள், அதற்கும் முன்னால் ஒரு பேக்கப்.

கேசட்பிரியன்:
'பில்லா', 'விக்ரம்', 'நினைத்தாலே இனிக்கும்' மூன்றும் பிரிந்துவிட்டன, மிக்க நன்றி! 'பம்பாய்' மட்டும் அசையவில்லை. தமிழும் இந்தியும் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் ரஹ்மான், இரண்டும் 1995. 'கண்ணாளனே'வும் 'கெஹ்னா ஹி க்யா'வும் அடுத்தடுத்து வருகின்றன. இன்னொன்று, 'பொல்லாதவன்' டேக்கை மாற்றியும் ஆப்பில் பழையபடியே தெரிகிறது.

பி_சைடு:
இசையமைப்பாளரும் வருடமும் ஒன்றானால் மொழிதான் மிச்சம். ஆல்பம் பெயரை 'பம்பாய் (இந்தி)' என்று மாற்றுங்கள். ஊர் மும்பை ஆனதும் அதே 1995-ல்தான், நல்லவேளை அது உங்கள் டேக்குக்குள் வரவில்லை. 'பம்பாய் தீம்' வாத்திய இசை, பாஷையே கிடையாது. இரண்டு ஆல்பத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

'பொல்லாதவன்' விஷயம்: எம்பி3டேக்கில் கோப்பின் திருத்திய நேரத்தை மாற்றாமல் வைக்கும் ஒரு செட்டிங் உண்டு. அது ஆன் ஆகியிருந்தால் சர்வரின் சாதாரண ஸ்கேனுக்குக் கோப்பு மாறியதே தெரியாது. அதை ஆஃப் செய்து இன்னொரு முறை சேமியுங்கள், அல்லது சர்வரில் முழு ஸ்கேன் கொடுங்கள். அப்புறமும் பழைய அட்டைப்படமே தெரிந்தால் போன் ஆப் சேமித்து வைத்திருக்கும் பழைய தகவலை, அதாவது கேஷை அழியுங்கள்.

கேசட்பிரியன்:
அந்த செட்டிங் ஆன்தான்! முழு ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. ரஜினி அட்டை தனியாக, தனுஷ் அட்டை தனியாக வந்துவிட்டது. அடுத்து 'படிக்காதவன்'.