அப்பர்ச்சரும் குவிய ஆழமும்: பின்வரிசை மங்கிய ஒரு குழுப்படம்

சேலத்திலிருந்து, முதல் பதிவு:

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் சித்தி மகளின் திருமண வரவேற்பில் நான் எடுத்த குழுப்படம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸை வாங்கி அப்போது பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தினால் படம் முழுக்கப் புள்ளிகள் மண்டிவிடும் என்ற அச்சம் வேறு. எனவே அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் துளையை, முழுதாகத் திறந்து 1.8-இலேயே வைத்துக்கொண்டேன் (எஃப் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது). தரையில் குழந்தைகள், நாற்காலிகளில் மணமக்களும் பெரியவர்களும், அவர்களுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நிற்பவர்கள் என்று கூட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் ஆழத்துக்குப் பரந்திருந்தது. 5 மீட்டர் தள்ளி நின்று, மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். கேமராவின் பின்திரையில் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. ஆல்பத்துக்காக 12-க்கு 18 அங்குலத்தில் அச்சாகி வந்த பிறகுதான், நாற்காலி வரிசையைத் தவிர மற்ற அனைவரும் மங்கியிருப்பதைக் கண்டேன். கடைசி வரிசையில் நின்ற பெரியப்பா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, எங்களை மட்டும் மார்கழிப் பனியில நிக்க வச்சு எடுத்தியா?" என்று கேட்டார்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் கேமராவில் ஒளியைப் பதிக்கும் சென்சார், 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிதான ஏபிஎஸ்-சி வகை. அதில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, 5 மீட்டர் தொலைவு என்றால், 4.66 மீட்டரிலிருந்து 5.39 மீட்டர் வரை உள்ளவை மட்டுமே தெளிவாக விழும். குவிய ஆழம் எனப்படும் இந்தத் தெளிவான வீச்சு மொத்தமே முக்கால் மீட்டருக்கும் குறைவு. லென்ஸ் உண்மையில் ஒரே ஒரு தளத்தைத்தான் துல்லியமாகக் குவிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் ஒரு சிறு வட்டமாக விழுகிறது. துளை பெரிதாக இருந்தால் ஒளிக்கூம்பு அகன்று அந்த வட்டமும் பெரிதாகிறது, துளை சிறுத்தால் வட்டமும் சிறுக்கிறது. என் போன்ற சென்சாருக்கு, அந்த வட்டம் 0.02 மி.மீ.க்குள் அடங்கும்வரை கண் அதைப் புள்ளியாகவே ஏற்றுக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டுதான் நான் பார்த்த அட்டவணை போடப்பட்டிருந்தது. கையகலமே இல்லாத பின்திரையில் எல்லா வட்டங்களும் புள்ளிகளாகவே தெரிந்ததில் வியப்பில்லை. அச்சில் படம் பெரிதானபோது வட்டங்களும் பெரிதாகி வெளிப்பட்டுவிட்டன.

அன்று எஃப் 8 வைத்திருந்தால் 3.8 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர் வரை தெளிவு கிடைத்திருக்கும். ஒளி இருபதில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐ.எஸ்.ஓ.வை 800-இலிருந்து 6400-க்கு உயர்த்தி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/125 நொடியிலிருந்து 1/50 நொடிக்கு நீட்டியிருந்தால் அந்த இழப்பு ஈடாகியிருக்கும். புள்ளிகளைப் பின்னர் மென்பொருளில் பெரும்பாலும் துடைத்துவிட முடியும்; ஃபோகஸ் இல்லாத முகத்தை மீட்க முடியாது. இதுபோல ஏமாந்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

ஸ்டூடியோ வைத்து முப்பது ஆண்டுகள் தொழில் செய்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் பயன்படுத்திய இரட்டை லென்ஸ் கேமராவில் மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. துளையைச் சிறிதாக்கும் இதழ்கள் கீழ் லென்ஸில் மட்டுமே இருக்கும். ஆகவே எந்த அளவு தெளிவாக விழும் என்பதைக் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. கேமராவில் பொறித்திருந்த ஆழ அளவுகோலைப் பார்த்துத்தான் வைப்போம். குழுப்படம் என்றால் எஃப் 11-க்குக் கீழே போகமாட்டோம். நீங்கள் கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்து எடுப்பவராக இருந்தால் உங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. எடுக்கும் லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராவில் துளை முழுதாகத் திறந்தபடியே காட்சி தெரியும். பொத்தானை அழுத்தும் கணத்தில்தான் அது நீங்கள் வைத்த எண்ணுக்குச் சுருங்கும். சுருங்கிய நிலையை முன்கூட்டிப் பார்க்கப் பல கேமராக்களில் தனிப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் காட்சி இருண்டுவிடுவதால் பலரும் அதைத் தொடுவதே இல்லை.

இன்னொன்று. தெளிவு முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு என்று எங்கள் ஆசான் சொல்லிக்கொடுத்தார். உங்கள் கணக்கில் எஃப் 8-க்கு அது சரியாகவே வருகிறது: முன்னால் 1.2 மீட்டர், பின்னால் 2.3 மீட்டர். ஆனால் எஃப் 1.8-இல் பாருங்கள், முன்னால் 34 சென்டிமீட்டர், பின்னால் 39, ஏறக்குறையச் சரிபாதி. அந்த விதியை நம்பி முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஃபோகஸ் வைத்து நானும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:

மேலே இருவரும் மீட்டரில் பேசுகிறீர்கள்; என் பாடு மில்லிமீட்டரில். விடியற்காலையில் வயலோரம் தட்டான்களை மிக நெருங்கி எடுப்பதற்கான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் எடுப்பது என் வழக்கம். பூச்சி சென்சாரில் தன் உண்மை அளவிலேயே விழும்படி நெருங்கினால், எஃப் 8-இல்கூடக் குவிய ஆழம் 0.6 மி.மீ.தான். கண் தெளிவாக இருந்தால் கால்கள் இல்லை. கால்கள் இருந்தால் சிறகு இல்லை. தொடக்கத்தில் இதற்குத் தீர்வு எஃப் 22 என்று நம்பி ஒரு மழைக்காலம் முழுவதும் அதிலேயே எடுத்துத் தள்ளினேன். முழுப் பூச்சியும் ஒரே சீராக இருந்தது, ஆனால் ஒரே சீராக மழுங்கி. துளை மிகவும் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் எஃப் 22 என்பது நடைமுறையில் எஃப் 44 போலவே செயல்படுகிறது. அப்போது ஒளிப்பரவலால் மட்டுமே ஒரு புள்ளி 0.06 மி.மீ. வட்டமாகிவிடும். சேலத்து நண்பரின் 0.02 மி.மீ. வரம்புக்கு அது மும்மடங்கு! 1932-இல் கலிஃபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான புகைப்படக் கலைஞர்கள் தங்கள் குழுவுக்கு, மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எஃப் 64 என்றே பெயர் சூட்டியதைப் படித்து நானும் மயங்கியவன்தான். அவர்களுடைய ஃபிலிம் தாள் என் சென்சாரைவிட எத்தனை மடங்கு பெரிது என்பதை யோசிக்கவில்லை.

இப்போது எஃப் 8 அல்லது 11-ஐத் தாண்டுவதில்லை. தட்டானின் பக்கவாட்டுக்கு இணையாகச் சென்சார் அமையும்படி கேமராவைத் திருப்புகிறேன். கிடைக்கும் அரை மில்லிமீட்டரை உடலின் நீளம் முழுவதற்கும் செலவிட அதுவே வழி. பனித்துளி காயாத நேரத்தில் பூச்சி அசையாதிருந்தால், ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி இருபது படங்கள் எடுத்து இணைப்பதும் உண்டு. பாதி நாள்கள் பதினைந்தாவது படத்தில் அது பறந்துவிடும்.

கோவையிலிருந்து:

என்னிடம் கைபேசி மட்டுமே. அதன் பெட்டியிலும் எஃப் 1.8 என்றுதான் போட்டிருந்தது. ஆனால் பின்னணி மங்கவே மங்காது. குவியத் தூரத்தை (சேலத்து நண்பரின் லென்ஸில் 50 மி.மீ.) இந்த எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் உண்மையான அகலம் வரும் என்று பிறகு அறிந்தேன். அவருடைய லென்ஸில் அது 28 மி.மீ.; என் கைபேசியில் 4 மி.மீ.கூட இல்லை. கைபேசியின் போர்ட்ரெய்ட் வசதி பின்னணி மங்கலைக் கணித்து வரைந்து தருகிறது. என் மகளின் பின்னலில் இருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைப் பின்னணி என்று எண்ணிக் கரைத்துவிட்டது.

சேலத்திலிருந்து, மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. சென்ற தை மாதம் பெரியப்பாவின் 70-ஆம் அகவை விழா நடந்தது. இம்முறை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 6400, ஃபோகஸ் நாற்காலி வரிசையில். நான்கு வரிசைகளும் தெளிவாக வந்தன. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரம் நின்றபடி கிண்ணத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவரைச் சுட்டிக்காட்டி, அவர் யார் வீட்டு உறவு என்று கேட்டார்.