பிஎஸ்சி பிசிக்ஸ் முதல் வருஷம், தமிழ் மீடியம்ல இருந்து வந்தேன், டிப்ளமோக்கு மாறிடலாமா?

பென்னாகரம்_பொண்ணு:
தமிழ் மீடியத்துல பிளஸ் டூ முடிச்சிட்டு தர்மபுரில பிஎஸ்சி பிசிக்ஸ் சேந்திருக்கேன். ப்ராபர்ட்டீஸ் ஆஃப் மேட்டர் பேப்பர் தான் பிரச்சினையே, மேடம் நல்லா தான் நடத்துறாங்க ஆனா பெண்டிங் மொமெண்ட்னு (வளையுற சட்டத்துக்குள்ள உண்டாகுற திருப்புத்திறன்) போர்டு ஃபுல்லா இன்டெக்ரேஷன் போட்டு அழிக்கிறப்பவும் நான் முதல் வரிலயே நிக்கிறேன். நான் படிச்ச ஸ்கூல்ல பிளஸ் ஒன் பாடத்த பேருக்கு நடத்திட்டு நேரா பிளஸ் டூ புக்க எடுத்துட்டாங்க. அப்பா டிப்ளமோக்கு மாறிடு, ஓசூர்ல வேலை கெடைக்கும்ங்குறாரு. என்ன பண்ணலாம், அண்ணா அக்கா யாராச்சும் சொல்லுங்க

ஊத்தங்கரை_அக்கா:
அவசரப்படாத பாப்பா. நீ விட்ட பிளஸ் ஒன் புக்ல தான் உன் அஸ்திவாரம் இருக்கு. ரெண்டாவது வால்யூம், 7வது பாடம் பருப்பொருளின் பண்புகள், 8வது வெப்பம். தமிழ் புக், இங்கிலீஷ் புக் ரெண்டுமே ஃப்ரீயா டவுன்லோட் ஆகும், ரெண்டுலயும் அதே படம் அதே சமன்பாடு தான், பக்கத்துல பக்கத்துல வச்சு படி. பெண்டிங் மட்டும் அதுல இருக்காது. கான்டிலீவர், அதாவது ஒரு முனைய மட்டும் இறுக்கிப் புடிச்ச சட்டம், அதோட நுனில வெயிட் தொங்கவிட்டா மேல் லேயர் நீளுது, கீழ் லேயர் சுருங்குது, நடுவுல ஒரு லேயர் அப்படியே இருக்கு, அதுல இருந்து தள்ளிப் போகப் போக விசை ஜாஸ்தி, அத்தனை லேயரோட மொமெண்டையும் மொத்தமா கூட்டுறாங்க, உன்ன பயமுறுத்துற இன்டெக்ரேஷன் அவ்ளோ தான்.

நைட்_ஷிப்ட்_ஓசூர்:
நான் மெக்கானிக்கல் டிப்ளமோ, இப்ப குவாலிட்டில இருக்கேன். பிளஸ் டூல மேக்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு நேரடியா ரெண்டாம் வருஷம் கெடைக்கும், அப்பா சொல்றதும் தப்பில்ல. ஆனா பிசிக்ஸுக்கு பயந்து மெக்கானிக்கல் போனா அங்க ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல இதே பெண்டிங் மொமெண்ட் உக்காந்திருக்கும் மா 😂 மெஷின் புடிச்சா மாறு, இல்லனா இரு.

இன்னொன்னு, லேப்ப சும்மா மார்க்குக்குன்னு நெனைக்காத. டார்ஷன் பெண்டுலம்னா கம்பில வட்டத்தட்ட தொங்கவிட்டு முறுக்கி ஆட விடுறது, அதுல கம்பியோட விறைப்புக் குணகத்த கண்டுபுடிக்கிறப்ப ஆரம் நாலாவது பவர்ல வரும். கம்பி விட்டம் 1 மிமீ இருந்து ஸ்க்ரூகேஜ்ல ஒரே ஒரு கோடு, அதாவது 0.01 மிமீ, தப்பா படிச்சாலும் அது 1%, ஆன்சர்ல 4% ஆயிடும். ஆடுற டைம நூறு தடவ எடுத்து என்ன புண்ணியம். எங்க டிபார்ட்மெண்ட்ல புதுசா வர்றவங்க கைல முதல்ல குடுக்குறதே மைக்ரோமீட்டர் தான், அதுவும் ஸ்க்ரூகேஜ் தான், பாதிப்பேரு ஜீரோ எரர் பாக்காம அளக்குறாங்க.

பென்னாகரம்_பொண்ணு:
ரொம்ப தேங்க்ஸ்க்கா, புக் ரெண்டும் டவுன்லோட் பண்ணிட்டேன். அண்ணா அந்த ஜீரோ எரர்ல எப்ப கூட்டணும் எப்ப கழிக்கணும்னு எப்பவுமே கொழம்புது

நைட்_ஷிப்ட்_ஓசூர்:
மனப்பாடம் பண்ணாத. ஒன்னுமே வைக்காம மூடுறப்பவே தலைக்கோல் (சுத்துற தலைல இருக்குற அளவுகோல்) 5 காட்டுதுன்னா அது சும்மா ஒட்டிக்கிட்டு வந்த 5, கழிச்சிடு. 97ல நின்னா 100க்கு 3 கொறையுது, கூட்டிக்க. சரி பஸ் வந்துடுச்சு