குரோமியம் கலந்த மண்ணில் சுண்ணாம்பு போடலாமா?

ஆய்வகவாசி:
ராணிப்பேட்டைப் பக்கத்து மண் என்றால் உடனே 'மொத்தக் குரோமியம் எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள். அந்த எண் பாதிக் கதைகூட இல்லை. தோல் பதனிடும் கழிவில் வருவது பெரும்பாலும் மூன்றிணைதிறக் குரோமியம் (Cr(III), சுருக்கமாக 'மூன்று'), பி.எச். (அமில-கார அளவு) 5.5-க்கு மேலே ஹைட்ராக்சைடாகப் படிந்து அங்கேயே கிடக்கும். குரோமேட் ஆலைக் கழிவில் குரோமேட்டாக இருப்பது ஆறிணைதிறக் குரோமியம் (Cr(VI), சுருக்கமாக 'ஆறு'). அது எதிர்மின் அயனி. களிமண்ணும் எதிர்மின்தான், பிடித்து வைக்காது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீராக ஓடும், கிணற்றுக்கும் இறங்கும்.

ஆறிணைதிறத்தைத் தனியாக அளக்க, மாதிரியை வெயிலில் உலர்த்தாமல் ஈரமாகவே 4 டிகிரியில் வையுங்கள். 2.5 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. சோடியம் கார்பனேட்–சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், 90–95 டிகிரியில் ஒரு மணி நேரம். மெக்னீசியம் குளோரைடும் பாஸ்பேட் பஃபரும் சேர்க்க மறந்தால் குடுவைக்குள்ளேயே மூன்றிணைதிறம் ஆறிணைதிறமாக மாறி, அளவு கூடிவிடும். அமிலத்தில் செரித்தால் நேர் எதிர்: ஆறு மூன்றாகிக் காணாமல் போகும்.

வயல்காரர்:
சுண்ணாம்பு விஷயத்துக்கு வருகிறேன். ஈயம், காட்மியத்துக்குச் சரி, பி.எச். ஏறினால் அவை அடங்கும். குரோமேட்டுக்கும் ஆர்சனிக்குக்கும் போட்டால் கெட்டது. இரும்பு ஆக்சைடில் ஒட்டியிருந்ததும் கழன்று தண்ணீரோடு போய்விடும்.

மண்ணாளன்:
அதனால்தான் ஆறை மூன்றாக்க அன்னபேதி (இரும்பு சல்பேட்டு) போடுகிறார்கள். கணக்குப்படி 1 கிராம் ஆறிணைதிறக் குரோமியத்துக்கு 16 கிராம். காற்றும் இரும்பைத் தின்னும் என்பதால் கூடுதலாகவே வேண்டும். பி.எச். 11, 12 இருக்கிற கழிவு மேட்டில் வெறுமனே தூவுவது வீண்: இரும்பு உடனே ஹைட்ராக்சைடாகி கட்டிகளின் வெளிப்புறத்தை மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது பிறகு மெல்லக் கசிந்து மறுபடி மஞ்சளாக வரும். கூடவே சல்பேட்டு அங்குள்ள கால்சியம், அலுமினியத்தோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் ஆனால் மண் வீங்கும், மேலே போட்ட கான்கிரீட் வெடிக்கும். கட்டிகளை உடைத்து, காரத்தை முதலில் இறக்க வேண்டும்.

வயல்காரர்:
கார மேடு இல்லாத வயலுக்குத் தொழுவுரமும் உதவும், ஈரம் நிற்கும் வரை. காய்ந்து காற்றோட்டமானால், மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு புதிதாகப் படிந்த மூன்றில் கொஞ்சத்தைத் திரும்ப ஆறாக்கும். உரம் போட்டாயிற்று என்று விடாமல், வறண்ட கோடைக்குப் பிறகும் ஒருமுறை ஆறை மட்டும் சோதியுங்கள்.