ட்யூப்லெஸ் சைக்கிள் டயர்: 'கரையேற்றம்' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உள்ளே ட்யூப் இல்லாத (ட்யூப்லெஸ்) டயரின் ஓரத்தைக் காற்றடித்து ரிம்மில் இறுக உட்கார வைப்பதை ஆங்கிலத்தில் 'bead seating' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை 'இருக்கையமைத்தல்', 'அமர்த்தல்', 'பொருத்தல்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றிக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்தச் சொல் முடிவாகாமல் ஓர் அத்தியாயமே நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், 'இருக்கை' வேண்டவே வேண்டாம். சைக்கிளில் இருக்கை என்றால் நாம் உட்காரும் சீட்டுதான். என் முதல் வரைவில் 'அதிகபட்ச இருக்கை அழுத்தம்' என்று எழுதி, தினமும் சைக்கிள் ஓட்டுகிற அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன். "சீட்டு எவ்வளவு வெயிட் தாங்கும்னு போட்டிருக்கா மாமா?" என்று கேட்டான். டயருக்குள் எவ்வளவு காற்று வரை விடலாம் என்கிற எச்சரிக்கை அது. அந்த எண் புரியாமல் போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வெடிக்கும், கையிலோ முகத்திலோ படும். ஆங்கிலச் சொல்லை அப்படியே 'பீட் சீட்டிங்' என்று போட்டுவிடலாம் என்றார் ஒருவர். தமிழில் எழுதினால் 'சீட்டிங்' என்பதை ஏமாற்று வேலை என்றுதான் முதலில் படிப்போம்.

'அமர்த்தல்' எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் ஆளை வேலைக்கு அமர்த்துகிறோம், டாக்சியை அமர்த்துகிறோம், அந்தப் பொருளே முன்னால் வந்து நிற்கிறது. 'பொருத்தல்' நல்ல சொல். அது இதற்கு முந்தைய வேலைக்குத் தேவைப்படுகிறது. டயரைக் கையால் ரிம்முக்குள் தள்ளி மாட்டுகிறோமே, அதுதான் பொருத்தல். பொருத்திய பிறகு காற்றால் நடக்கிற வேலைக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் கையேட்டில் ஒவ்வொரு வரியிலும் குழப்பம் வரும்.

அந்த வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். போன மாதம் மேட்டுப்பாளையத்தில் சாலையோரப் பஞ்சர் கடை ஒன்றில் என் டயரை ஏற்ற வேண்டியிருந்தது. 40 மி.மீ. அகல டயர், வீட்டில் கைப்பம்பால் அரை மணி நேரம் அடித்தும் காற்று நிற்கவில்லை. அடிக்க அடிக்க ஓரத்தில் 'புஸ்' என்று வெளியே போய்க்கொண்டே இருந்தது. கடைக்காரர் வால்வின் நடுவில் இருக்கிற குச்சியைக் கழற்றச் சொன்னார். ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணியை டயரின் இரண்டு ஓரமும் தடவினார். அப்புறம் தூசி ஊதுகிற ஏர் கன்னின் ரப்பர் முனையை வால்வில் நேராக வைத்து ஒரே அழுத்து. சோப்பு நுரை ஓரம் முழுக்கக் குமிழ் விட்டது, டயர் உப்பியது, 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு மூச்சு இடைவெளி விட்டு இன்னொரு 'டப்'. "ஏறிடுச்சு தம்பி, ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு" என்றார். முனையை எடுத்ததும் காற்று முழுக்க வெளியே போய்விட்டது, ஆனாலும் டயர் ஏறிய இடத்திலேயே இருந்தது. குச்சியைத் திரும்பப் போட்டு நிதானமாகக் காற்றடித்தோம்.

அவர் சொன்ன 'ஏறிடுச்சு' என்பதுதான் என் பிடிமானம். ரிம்மின் குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம், அதன் இரண்டு பக்கமும் மேடான தட்டையான பகுதி, பல ரிம்களில் பள்ளத்துக்கும் அந்தத் தட்டைக்கும் நடுவே சின்னதாக ஒரு மேடு. டயரை மாட்டும்போது அதன் ஓரம் பள்ளத்தில் கிடக்கும், கிடந்தால்தான் மாட்டவே முடியும். காற்று வேகமாக உள்ளே வந்தால் ஓரம் அந்தச் சின்ன மேட்டைத் தாண்டிக் குதித்துத் தட்டையில் போய் இறுக உட்காருகிறது. அந்தக் குதிப்புதான் 'டப்'. காற்றை இறக்கிய பிறகும் அது கீழே விழாமல் நிற்பதற்கும் அந்த மேடுதான் காரணம். 1999இல் மாவிக், ஹட்சின்சன், மிஷெலின் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்த யூஎஸ்டி (UST) என்கிற ட்யூப்லெஸ் முறையிலேயே இந்த மேடு உண்டு.

இப்போது அந்த 'ஓரம்'. 'bead' என்கிற ஆங்கிலப் பெயரைப் பார்த்து 'மணி' என்று சிலர் எழுதுகிறார்கள், டயரில் எங்கே மணி இருக்கிறது? 'விளிம்பு' என்றால் ரிம்மோடு மோதுகிறது. நான் 'கரை' என்கிறேன், வேட்டிக்குக் கரை என்கிறோமே அந்தக் கரை. டயரின் உடம்பே நைலான் நூலால் ஆன துணிதான், மேலே ரப்பர் பூசியிருக்கிறார்கள். அந்தத் துணியின் இரண்டு ஓரத்திலும் எஃகுக் கம்பியோ, கெவ்லார் போன்ற வலுவான அராமிட் நூலோ வைத்துத் தடிப்பாக்கி இருப்பார்கள். வேட்டியைப் போலவே இரண்டு பக்கமும் கரை. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆக, கரை ஏறுவது கரையேற்றம். 'கரையேறுதல் என்றால் துன்பத்திலிருந்து மீள்வதல்லவா, இலக்கணப்படி அங்கே கரை ஏறுகிற இடம், இங்கே ஏறுகிற பொருள்' என்று நேற்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. ஆனால் பள்ளத்தில் கிடந்தது மேட்டுக்கு வந்து நிலைக்கிறது என்ற காட்சி இரண்டிலும் ஒன்றே, கேட்கிறவருக்கு உடனே விளங்கும். 'தலையெடுத்தல்' என்பதில் தலை எதை எடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லையே.

இந்தச் சொல்லில் எனக்குப் பெரிய நிம்மதி, அதிலிருந்து மற்றவை வளர்கின்றன. டயர் கரையேறியது, டயரைக் கரையேற்றினேன், இன்னும் கரையேறவில்லை. கரை உட்காரும் தட்டைக்குத் 'திண்ணை', நடுவில் உள்ளதற்குப் 'பள்ளம்', சின்ன மேட்டுக்கு வயல் 'வரம்பு'. வளைவில் சாய்ந்து திரும்பும்போது ஒரு நொடி கரை திண்ணையை விட்டு நகர்ந்து காற்று கொஞ்சம் தப்பிக்கும், அது 'கரை விலகல்'. ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றுகிற வெள்ளைத் திரவத்துக்கு 'அடைப்புப்பால்' என்று வைத்திருக்கிறேன். பல வகைகளில் அது ரப்பர் பாலால் ஆனதுதான், ரப்பர் தோட்டத்துக்காரர்கள் பால் என்றுதானே சொல்கிறார்கள்.

கருவிகளின் பெயருக்கு வருகிறேன். கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொடர்ந்து கொடுக்கும் இயந்திரம், அதைக் 'கம்ப்ரசர்' என்றே விடலாம், ஊரில் எல்லாப் பஞ்சர் கடைக்காரரும் சொல்கிற சொல். கையில் தூக்கிப் போகிற சிறு கலனுக்குத்தான் பெயர் வேண்டும். அதற்குள் நின்றபடி அடிக்கும் பம்பால் 10 பார் ('பார்' என்பது காற்றழுத்த அலகு) வரை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொண்டு, பிறகு மொத்தத்தையும் ஒரே மூச்சில் டயருக்குள் திறந்துவிடுகிறோம். 1 லிட்டர் கலனில் 10 பார் என்றால் திறந்ததும் சுமார் 10 லிட்டர் காற்று ஓரிரு நொடியில் பாயும். பம்பில் ஓர் அடிக்கு அரை லிட்டர்கூட வராது, அடுத்த அடிக்குள் அதுவும் ஓரத்தில் கசிந்துவிடும். கசிகிறதைவிட வேகமாக உள்ளே வந்தால்தான் கரை நகரும். கரையை ஏற்றுவதற்கென்றே செய்த கலன் இது, ஆகவே 'கரையேற்றி'. 'காற்றுக்கலன்' என்று ஒரு தோழி சொன்னதும் தவறில்லை, ஆனால் முக்குளிப்பவர் முதுகில் சுமப்பதும் காற்றுக்கலன்தான்.

எச்சரிக்கை வரியை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: 'கரையேற்றும்போதும் டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட அழுத்தத்தில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். கொக்கியில்லாத ரிம்மில் (கரையைப் பிடித்துக்கொள்ள உள்பக்க ஓரத்தில் வளைவு இல்லாத ரிம்) 5 பாருக்கு மேல் கூடாது. கம்ப்ரசரில் வேலை செய்தால் விட்டுவிட்டு அழுத்துங்கள், இரண்டாவது சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள்.' குளிர்பான பாட்டிலில் கலன் செய்யும் முறையைச் சேர்க்கச் சொல்லி ஒரு தம்பி எழுதியிருந்தார். சேர்க்க மாட்டேன். அந்த பாட்டில் வெடித்தால் பக்கத்தில் இருப்பவர் கண் போகும்.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே 'ரயர்' என்று எழுதுவது தெரியும். அதன் ஓரத்துக்குச் சைக்கிள் கடைகளில் தனிச்சொல் ஏதாவது புழங்குகிறதா? இருந்தால் 'கரை'யை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ள நான் தயார்.