மஹரில் "வீட்டின் இரண்டு தாங்" என்று எழுதியிருப்பது ஏன்?

கேள்வி:
இரண்டு வருஷமாகப் பாரசீகம் படிக்கிறேன். ஈரானில் காஜார் அரச வம்சக் காலத்து வியாபாரிக் குடும்பம் ஒன்றின் நிக்காஹ் பத்திரப் படத்தோடு மூன்று ராத்திரியாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சுற்றிலும் தங்கப் பூவேலை, ஓரத்தில் ஐந்தாறு முத்திரைகள். மஹர், அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை, அந்தப் பகுதியில் ஒரு குர்ஆன், நிலைக்கண்ணாடி, ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தண்டு, 300 தோமான் (அந்நாட்டுப் பணம்), கூடவே "வீட்டின் ஆறு தாங்கில் இரண்டு தாங்". தொகையை ஒட்டியே "இதில் பாதி 150 தோமான்" என்றும் இருக்கிறது. பாதிதான் கொடுத்தார்களா? பணம் தந்த பிறகு வீட்டை ஏன் பிரிக்க வேண்டும்?

பதில் 1:
அந்தப் பாதி, காவலுக்கு எழுதியது. பிற்பாடு யாராவது தொகையைத் திருத்திக் கூட்டினால் பக்கத்திலுள்ள பாதி காட்டிக்கொடுத்துவிடும். பழைய பாரசீகப் பத்திரங்களில் இது வழக்கம்.

தாங் என்பது ஆறில் ஒரு பங்கு. வீடோ கடையோ தோட்டமோ, முழுச் சொத்து என்றால் ஆறு தாங். இரண்டு தாங் என்றால் மூன்றில் ஒரு பாகம் அந்தப் பெண்ணுக்கு. குறுக்கே சுவர் எழுப்பமாட்டார்கள், உரிமையில்தான் பங்கு.

வீடு ஏன் என்பதுதான் முக்கியம். அங்கே பரவலாகப் பின்பற்றிய ஷியா விதிப்படி, பிள்ளையுள்ள விதவைக்குக் கணவன் சொத்தில் எட்டில் ஒரு பங்கு, பிள்ளை இல்லாவிட்டால் நாலில் ஒன்று. ஆனால் நிலத்தில் எதுவும் வராது. கட்டடத்துக்கும் மரங்களுக்கும் விலை போட்டு, அந்த விலையில்தான் அவள் பங்கு. 1928இல் வந்த சிவில் சட்டமும் இதையே வைத்துக்கொண்டது. 2009இல்தான் மாறியது, அப்போதும் நிலத்தின் மதிப்பில் மட்டுமே பங்கு. மகள் விதவையானால் காலடியில் மண் இருக்காது என்று பெண்ணைப் பெற்றவருக்குத் தெரியும். அதனால் நிக்காஹ் அன்றே மண்ணை அவள் பெயரில் எழுதி வாங்கினார்.

பதில் 2:
இன்னொன்றும் உண்டு. கணவன், மனைவி சொத்து அங்கே தனித்தனி. மஹராக அவளுக்குப் போன வீட்டுப் பங்கில், கணவன் வியாபாரம் நொடித்தாலும் கடன்காரர் கை வைக்க முடியாது. மாமனாரும் பஜார்க்காரர்தானே, ஒரே வருஷத்தில் கடை கவிழ்வதைக் கண்ணால் பார்த்திருப்பார்!

கொடுக்காத மஹர் கணவனுக்குக் கடன். அவன் இறந்தால் பாகப்பிரிவினைக்கு முன் அதைத் தீர்க்க வேண்டும். சரக்கும் ரொக்கமும் 4,300 தோமான் என்று வையுங்கள். மஹர் 300 முதலில் அவளுக்கு. மீதி 4,000இல் எட்டில் ஒன்று, 500. ஆக 800. இரண்டு தாங் ஏற்கெனவே அவளுடையது, கணக்கிலேயே வராது.

பதில் 3:
தெஹ்ரானில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். நான் குடியிருந்த வீட்டம்மா பஜார் துணி வியாபாரியின் மகள். அவர் பாட்டியின் பத்திரத்தைப் பூப்போட்ட துணியில் சுற்றிப் பெட்டியடியில் வைத்திருந்தார். அதில் மூன்று தாங். "பாட்டி யாருக்கும் பயந்ததில்லை" என்றார். கையை வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவு மெல்லிய காகிதம்.

குடும்பத்துக்கு வெளியே பெண் கொடுத்தால் சொத்துப் பங்கும் வெளியே போகும். மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு உண்டு அல்லவா? அதனால் அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள்ளேயே கட்டிவைத்தார்கள். "பெரியப்பா மகள், சித்தப்பா மகன் நிக்காஹ் வானத்திலேயே முடிந்தது" என்று பழமொழியே சொல்வார்கள். உங்கள் பத்திரத்தில் அப்பாக்கள் பெயரையும் வீட்டின் நாலு எல்லைகளையும் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. மாப்பிள்ளையின் தாத்தாவும் பெண்ணின் தாத்தாவும் ஒரே ஆள். கிழக்கு எல்லை, பெண்ணுடைய அப்பா வீடு. மூன்று ராத்திரியும் அந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.