ஆரல்வாய்மொழி பக்கம் போனா ஹேண்டில் நெளியுது, ஷாக்கா டயர் காத்தா? உதவி வேணும்

தக்கலைக்காரன்:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். 400 சிசி டூரிங் வண்டி, முன்ன 21 இஞ்ச் வீல், டியூப் டயர். மாசம் ஒருக்க வீட்டுக்காரியையும் ஏத்திட்டு மதுரைக்கு போவேன், ரெண்டு பேனியரும் (பக்கவாட்டு பெட்டி) டாப் பாக்ஸும் (பின்னால மேல உள்ள பெட்டி) நெறஞ்சு கெடக்கும். நாகர்கோவில் வரை டிராபிக்ல ஊர்ந்து போறதுனால ஒண்ணும் தெரியாது, தோவாளை தாண்டி 80 தொட்டதும் ஹேண்டில் பைய நெளிய ஆரம்பிக்கும், முப்பந்தல் வாறதுக்குள்ள உள்ளங்கை வேர்த்துரும். குழில விழுந்தா இடுப்பு வலிக்குன்னு அவ சொன்னதால பின் ஷாக்குல ஸ்பிரிங்க இறுக்குத ரிங்க முழுசா லூசாக்கி வச்சிருக்கேன், இப்ப குழில டொக்குன்னு ஒரு அடி வேற கேக்குது. காத்து பங்க்ல செக் பண்ணுனேன், பின் டயர்ல 32 பிஎஸ்ஐ. இதுக்கு சம்பந்தம் இல்ல, ஆனாலும் சொல்லுதேன், நைட்டு எதிர்ல வாற லாரிக்காரனுவ எல்லாம் டிம் பண்ணுன்னு லைட்டு அடிக்கானுவ. நான் போறதே டிம்ல தான்.

சாரல்மழை:
லேய் மக்கா, இது ஆடி மாசம். அம்மியே பறக்குத எடத்துல ஒனக்க வண்டி ஆடாதா? அதுக்கு தானே அங்க காத்தாடி நட்டு வச்சிருக்கான் 😂

ரப்பர்காட்டான்:
அண்ணே பேசாம ரெண்டு டயர்லயும் 20க்கு எறக்கி விடுங்க, மெத்துன்னு போவும். குலசேகரம் பக்கம் தோட்டத்து ரோட்டுல நான் அப்படி தான் ஓட்டுதேன்.

பழைய ஸ்பேனர்:
20 எல்லாம் வேண்டாம் தம்பி. தோட்டத்துல தனியா 30ல போறதும், ரெண்டு பேரும் பெட்டியுமா ஹைவேல 80ல போறதும் ஒண்ணா? காத்து கொறைஞ்சா டயர் சைடு மடங்கி மடங்கி சூடாவும், குழில ரிம் அடி வாங்கும், டியூப் நழுவி வால்வு பிஞ்சுரும்.

தக்கலை தம்பி, சம்பந்தம் இல்லன்னு சொன்னீங்கல்லா அந்த லைட்டு, அதுல தான் விஷயமே இருக்கு. வண்டி பின்னால உக்காந்து மூக்க தூக்கிட்டு போவுது, அதான் டிம்மு போட்டாலும் லாரிக்காரன் கண்ணுல அடிக்குது. முன் வீல்ல பாரம் கொறைஞ்சா ஹேண்டில் நெளியத்தான் செய்யும். ரிங்க லூசாக்குனா ஸ்பிரிங் ஒண்ணும் பஞ்சு ஆவாது, வண்டி எவ்வளவு தாழ உக்காரும்ங்கிறது மட்டும் தான் மாறும். அந்த டொக்கு சத்தம் ஷாக்கு அடிமட்டம் தட்டுறது.

சென்டர் ஸ்டாண்டுல போட்டு பின் ஆக்ஸில்ல இருந்து நேர மேல சைடு பேனல்ல ஒரு டேப்பு ஒட்டி அளங்க. பொறவு லோடோட ரெண்டு பேரும் ஏறி உக்காந்து, வேற ஆள விட்டு அதே எடத்த அளக்க சொல்லுங்க. வித்தியாசம் மொத்த டிராவல்ல, அதாவது பின் வீல் மேல கீழ போற மொத்த தூரத்துல, மூணுல ஒரு பங்கு பக்கம் வரணும். காத்து காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்ன பாக்கணும், ஓடி சூடான டயர்ல மூணு நாலு பிஎஸ்ஐ கூட காட்டும். டாப் பாக்ஸ்ல என்ன வச்சிருக்கீங்க?

தக்கலைக்காரன்:
அண்ணே தல சுத்துது. மச்சினன விட்டு அளந்தேன், 98 மிமீ உக்காருது! மொத்த டிராவலே 180 தான். பங்க்ல 12 கிலோமீட்டர் ஓட்டிட்டு போனப்போ 36 காட்டுச்சு, அந்த பையன் தனி ஆளுக்குள்ள அளவ பாத்து 32க்கு எறக்கிட்டான். இன்னைக்கு காலைல எனக்க கேஜ்ல 28. வண்டி ஸ்டிக்கர்ல ரெண்டு பேருக்கு 36ன்னு போட்டிருக்கு. டாப் பாக்ஸ்ல கொழுந்தியாளுக்கு அஞ்சு லிட்டர் தேங்காண்ண கேன், மேல ஏத்தங்கா சிப்ஸ்.

பழைய ஸ்பேனர்:
எட்டு பிஎஸ்ஐ கொறைவு, அதுக்கு மேல பின் ஆக்ஸிலையும் தாண்டி எண்ண கேன். கேன கீழ பேனியர்ல முன்னால தள்ளி வைங்க, மறு பக்கமும் அதே எடை வரட்டும். ஷாக்கு மரையில சேறு உறைஞ்சிருக்கும், பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு கழுவி எண்ண விட்டுட்டு தான் ரிங்க திருப்பணும், இல்லன்னா மரை போயிரும். லோடு எறக்கிட்டு திருப்புங்க. அப்படியே முன் வீல தரையில படாம தூக்கி ஹேண்டில திருப்பி பாருங்க, நடுவுல கட்டுன்னு நின்னா ஹேண்டில் பேரிங்கயும் பாக்கணும். தனியா போவும்போ ரிங்க பழையபடி எறக்கிருங்க, இல்லன்னா பின்பக்கம் தூக்கிட்டு துள்ளும்.

சாரல்மழை:
அப்போ ஆடிக்காத்து இல்லியா 🙄

பழைய ஸ்பேனர்:
காத்தும் உண்டு. ஆனா காத்து பக்கத்துல இருந்து தள்ளும், நின்னா விட்டுரும். காத்தில்லாத எடத்துலயும் நெளிஞ்சா செட்டிங் தான்.

தக்கலைக்காரன்:
போயிட்டு வந்துட்டேன் அண்ணே. பேரிங்ல கட்டு இல்ல. ரிங்க ஏத்தி, உக்காருறத 64 மிமீல நிறுத்தினேன், காலைல குளிர்ந்த டயர்ல 36 அடிச்சேன். முப்பந்தல்ல காத்து தள்ளத்தான் செய்யுது, ஆனா ஹேண்டில் நெளியல, டொக்கு சத்தமும் போச்சு. இடுப்பு வலி எப்படின்னு கேட்டேன், வள்ளியூர் சாயா கடை பெஞ்சு தான் மோசம்னு சொல்லுதா. ராத்திரி காவல்கிணறு தாண்டி வரும்போ ஒருத்தனும் லைட்டு அடிக்கல.